சர்வதேச உறவுகள்: வாவிக்கரைப் பிள்ளைகளுக்கான பாடம்

உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் மாணவிகளிடம், உங்களுக்கு மிகத் தூரமாகத் தெரியும் அலகு எது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானோர் சர்வதேச உறவுகள் என்றுதான் சொல்வார்கள். அரசியலமைப்பு நமது நாட்டுக் கதை. தேர்தல் நமது தெருவுக்கே வந்து போகும் கதை. சர்வதேச உறவுகள் என்றதும் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பாதுகாப்புச் சபை என்று பெயர்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. அவற்றைப் பாடமாக்கிப் பரீட்சை எழுதுகிறோம், பிறகு மறந்து விடுகிறோம். வீட்டிலும் கேள்வி வருகிறது: "இதெல்லாம் பெரிய நாடுகள்ட சண்டை. நமக்கு எதுக்கு மகள்?"

எனது கருத்து இதற்கு நேர்மாறானது. மட்டக்களப்பு வாவியைச் சுற்றி வாழும் பிள்ளைகளுக்கு, அதிலும் பெண் பிள்ளைகளுக்கு, இந்தப் பாடம் மற்ற எவரையும் விட அதிகம் தேவை. ஏனென்றால் உலகம் நம்மிடம் பெரும்பாலும் ஒரு தாளாகத்தான் வந்து சேர்கிறது: உடன்படிக்கை, கடவுச்சீட்டு, வேலை ஒப்பந்தம், வாக்குமூலம். அந்தத் தாளை வாசிக்கத் தெரியாதபோது இழந்தவற்றையும், தெரிந்தபோது பெற்றவற்றையும் நமது வரலாற்றிலேயே காணலாம். இந்தக் கட்டுரையில் பாடத்தின் அடிப்படைகளையும் சொல்லி, எனது காரணத்தையும் சொல்கிறேன்.

பாடம் எதைப் பற்றியது?

அரசுகள், சர்வதேச அமைப்புகள், கம்பனிகள், சாதாரண மக்கள் ஆகியோர் நாட்டு எல்லைகளைக் கடந்து ஒருவரோடு ஒருவர் கொள்ளும் தொடர்புகளை ஆராய்வதே சர்வதேச உறவுகள். யுத்தமும் சமாதானமும் அதில் அடங்கும். வர்த்தகம், கடன், கடல் எல்லை, அகதிகள், வெளிநாட்டு வேலை என்பனவும் அடங்கும். முதலாம் உலகப் போரில் இலட்சக்கணக்கானோர் மாண்ட பிறகு, இப்படியொரு அழிவு மீண்டும் வராமல் தடுப்பது எப்படி என்ற கேள்வியோடு 1919இல் வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் நகரப் பல்கலைக்கழகக் கல்லூரியில் இத்துறைக்கென முதலாவது பேராசிரியர் பதவி உருவாக்கப்பட்டது.

இந்தப் பாடத்தின் முதற் படி ஒரு எளிய உண்மை. நமது வளவு வேலியைப் பக்கத்து வீட்டார் ஓரடி தள்ளிப் போட்டால் கிராம சேவகரிடம் போகலாம், மத்தியஸ்த சபைக்குப் போகலாம், பொலிஸுக்கும் போகலாம். அங்கும் தீராவிட்டால் நீதிமன்றம் இருக்கிறது. பக்கத்து வீட்டார் வர மறுத்தாலும் அழைப்பாணை அவரை அழைத்து வரும். நாடுகளுக்கு மேலே அப்படியொரு பொலிஸ் நிலையம் இல்லை. ஹேக் நகரில் சர்வதேச நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் ஒரு நாடு ஏதாவதொரு வகையில் சம்மதம் கொடுத்திருந்தால் மட்டுமே அந்த நாட்டின் வழக்கை அது விசாரிக்க முடியும். ஐக்கிய நாடுகள் சபையில் இன்று 193 உறுப்பு நாடுகள் உள்ளன. பட்டயத்தின்படி எல்லாம் சமமானவை. நடைமுறையில் ஐந்து நாடுகளின் கையில் மட்டும் வீட்டோ அதிகாரம் இருக்கிறது. மேலே யாரும் இல்லாத இந்த உலகில் சிறிய நாடும் சாதாரண மனிதரும் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது? பாடம் முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் போகிறது.

நமது வாசலில் நடந்த பாடம்

பாடப் புத்தகங்கள் நவீன அரசுகளின் கதையை 1648ஆம் ஆண்டு ஐரோப்பாவில் நடந்த வெஸ்ட்பாலியா சமாதானத்தோடு தொடங்குகின்றன. அதற்குச் சரியாகப் பத்து வருடங்களுக்கு முன்பு மட்டக்களப்பில் கையெழுத்தான ஒரு உடன்படிக்கை நமக்கு அதைவிட நல்ல ஆரம்பப் பாடம்.

அப்போது இலங்கையின் கரையோரத்தில் போர்த்துக்கேயர் ஆதிக்கம் செலுத்தினர். 1626இல் அவர்கள் தமது பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தான். அவர்களில் சுமார் 4000 பேரை அவன் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. நமது ஊர்களின் கதையிலேயே சர்வதேச அரசியல் கலந்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. இரண்டு வருடங்களின் பின், 1628இல், போர்த்துக்கேயர் மட்டக்களப்புப் புளியந்தீவில் கோட்டை கட்டினர். நீண்ட காலம் கச்சேரி இயங்கிய அதே கோட்டைதான்.

கண்டி மன்னனிடம் காடும் மலையும் படையும் இருந்தன. கடலில் சண்டையிடக் கப்பல்கள் இருக்கவில்லை. எனவே போர்த்துக்கேயரின் எதிரிகளான ஒல்லாந்தரை நாடினான். ஒல்லாந்தருக்கு இந்தக் கரை புதிதல்ல. 1602இலேயே ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தத் தளபதி மட்டக்களப்பில் வந்திறங்கி, கண்டிக்குச் சென்று முதலாம் விமலதர்மசூரிய மன்னனைச் சந்தித்திருந்தார். அடுத்த வருடம் வந்த செபால்ட் டி வேர்ட் மன்னனின் நம்பிக்கையை இழந்து, மன்னனின் ஆட்களால் இங்கேயே கொல்லப்பட்டார். அந்தக் கசப்பை மறந்து, 1638 மே மாதத்தில் இரண்டாம் இராஜசிங்கனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் சேர்ந்து மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றினர். மே 23ஆம் திகதி இங்கேயே உடன்படிக்கை எழுதப்பட்டது. போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தர் உதவுவர். யுத்தச் செலவை மன்னன் கறுவா முதலிய பொருட்களால் ஈடு செய்வான். யானை தவிர்ந்த வர்த்தகத்தில் ஒல்லாந்தருக்குத் தனியுரிமை கிடைக்கும்.

சிக்கல் ஒரு சிறு வாசகத்தில் இருந்தது. கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை நிறுத்தப்படுவது பற்றிய பிரிவில், மன்னன் விரும்பினால் மட்டும் என்ற கருத்துடைய சொற்கள் மன்னனிடம் இருந்த பிரதியில் இருந்தன. ஒல்லாந்தர் தமது மொழியில் வைத்துக்கொண்ட பிரதியில் அச்சொற்கள் இல்லை.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 1639இல் திருகோணமலை விழுந்தது. திருகோணமலையையும் மட்டக்களப்பையும் ஒல்லாந்தர் பின்னர் மன்னனிடம் கையளித்தனர். 1640இல் கைப்பற்றிய காலியைக் கொடுக்கவில்லை. நீர்கொழும்பையும் தம்மிடமே வைத்துக்கொண்டனர். கறுவா விளைந்தது அந்தப் பக்கம்தான். செலவுப் பணம் இன்னும் தீரவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். 1656இல் கொழும்பு விழுந்தபோது, கூட இருந்து போரிட்ட மன்னனுக்கே கோட்டைக் கதவு திறக்கப்படவில்லை. 1766இல் எழுதப்பட்ட இன்னோர் உடன்படிக்கையோடு கரையோரம் முழுவதும் கண்டியின் கையை விட்டுப் போனது. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போல என்று சிங்கள மக்கள் சொல்லும் பழமொழி இந்தக் கதையைத்தான் நினைவூட்டுகிறது.

மூன்று கண்ணாடிகள்

இந்தத் துறையில் மூன்று முக்கிய நோக்குகள் உள்ளன. பரீட்சைக்காக வரைவிலக்கணம் பாடமாக்குவதை விட, 1638ஐ ஒவ்வொன்றாலும் பார்த்தால் எளிதில் விளங்கும்.

முதலாவது யதார்த்தவாதம். நாடுகள் தமது பலத்தையும் பாதுகாப்பையும்தான் முதலில் பார்க்கும் என்பது இதன் நிலைப்பாடு. இதன்படி, வாசகம் இருந்திருந்தாலும் ஒல்லாந்தர் காலியைக் கொடுத்திருக்க மாட்டார்கள். அவர்களிடம் கப்பல் இருந்தது, மன்னனிடம் இல்லை. கதை அவ்வளவுதான்.

இரண்டாவது தாராண்மைவாதம். வர்த்தகமும் சட்டமும் பொது நிறுவனங்களும் நாடுகளை ஒத்துழைக்க வைக்கும் என்கிறது இது. இதன்படி, தவறு உடன்படிக்கை செய்ததில் இல்லை. இரண்டு பிரதிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கவும், பிணக்கு வந்தால் தீர்க்கவும் ஒரு பொது அமைப்பு இல்லாததே குறை.

மூன்றாவது கட்டமைப்புவாதம். நாடுகள் தம்மையும் பிறரையும் யாராக நினைக்கின்றன என்பதுதான் அவற்றின் நடத்தையைத் தீர்மானிக்கும் என்கிறது இது. எதிரியின் எதிரி நண்பன் என்று மன்னன் நினைத்தான். அது ஒரு எண்ணம் மட்டுமே. முஸ்லிம்களைப் போர்த்துக்கேயர் எதிரிகளாகப் பார்த்தார்கள். அதே மக்களைக் கண்டி மன்னன் தன் குடிகளாகப் பார்த்தான். மக்கள் ஒன்று, பார்வை இரண்டு, விளைவும் இரண்டு.

எனக்கு யதார்த்தவாதத்தின் வாதம் விளங்குகிறது. ஆனால் அதோடு நின்றுவிட்டால் சிறியவர்களுக்குச் செய்வதற்கு எதுவும் மிஞ்சாது. பலம் இல்லாதவரிடம் இருக்கக்கூடிய ஆயுதம் எழுத்துத்தான். அதைச் சரியாகப் பயன்படுத்தியவர்களின் உதாரணங்களும் இருக்கின்றன.

தெரிந்து விட்டுக்கொடுத்தலும் தெரியாமல் இழத்தலும்

நாம் எல்லோரும் ஸீறாவில் படித்த ஹுதைபிய்யா உடன்படிக்கையை இந்தக் கோணத்தில் நினைத்துப் பாருங்கள். ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு, கி.பி. 628இல், அலீ (ரழி) எழுத, குறைஷியர் சார்பில் வந்த ஸுஹைல் இப்னு அம்ர் ஒவ்வொரு சொல்லிலும் தடை போட்டார். அல்லாஹ்வின் தூதர் என்ற பெயரையே ஏற்க மறுத்தார். நபி (ஸல்) அவர்கள் அதை விட்டுக்கொடுத்து, அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மத் என்று எழுதச் செய்தார்கள். மக்காவிலிருந்து ஓடி வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும், மதீனாவிலிருந்து போனவரைக் குறைஷியர் திருப்பத் தேவையில்லை என்ற நிபந்தனை தோழர்களை வாட்டியது. உமர் (ரழி) அவர்களின் மனவேதனை நமக்குத் தெரியும். ஆனால் பத்து வருட யுத்த நிறுத்தம் கிடைத்தது. அந்த அமைதியில் மார்க்கம் பரவியது. இரண்டு வருடங்களில் மக்கா வெற்றி கொள்ளப்பட்டது.

இராஜசிங்கனும் இழந்தான், ஹுதைபிய்யாவிலும் விட்டுக்கொடுப்பு இருந்தது. வேறுபாடு எங்கே? ஹுதைபிய்யாவில் இரு தரப்பும் ஒரே வாசகத்தை, சொல் சொல்லாக வாதாடி, தெரிந்தே ஏற்றுக்கொண்டன. மட்டக்களப்பில் ஒரு தரப்பின் கையில் இருந்தது வேறொரு வாசகம். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடன் கொடுக்கல் வாங்கலை நீதியாக எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை இங்கே நினைத்துக்கொள்வது பொருத்தம். எழுத்தை அலட்சியம் செய்ய நமக்கு அனுமதி இல்லை.

சிறிய நாடு என்ன செய்ய முடியும்?

இலங்கை ஒரு காலத்தில் இதை நன்றாகச் செய்தது. 1971இல் இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாகப் பிரகடனம் செய்யும் தீர்மானத்தை ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் முன்னின்று கொண்டுவந்தது. 1976இல் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு கொழும்பில் கூடியது. 1973 முதல் நடந்த கடற்சட்டம் பற்றிய ஐ.நா. மாநாட்டுக்கு 1980இல் இறக்கும் வரை தலைமை தாங்கியவர் இலங்கையரான ஷேர்லி அமரசிங்க. அந்த மாநாட்டின் பயனாக 1982இல் கடற்சட்டச் சமவாயம் பிறந்தது. கரையோர நாட்டுக்கு 200 கடல் மைல், அதாவது சுமார் 370 கிலோமீற்றர் வரை பிரத்தியேகப் பொருளாதார வலயம் உண்டு என்று அது ஏற்றுக்கொண்டது. வாழைச்சேனையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் படகுக்காரர்களின் வாழ்க்கையில் அந்த எண் எவ்வளவு முக்கியம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. 200 மைலுக்கு அப்பால் கடலடி நிலத்தில் ஒரு நாட்டின் உரிமை எதுவரை என்பதைக் கணக்கிடப் பொதுவான சூத்திரம் ஒன்று எழுதப்பட்டது. வங்காள விரிகுடாவின் தென்பகுதியில் கடலடிப் படிவு மிகத் தடிப்பாக இருப்பதால் அந்தச் சூத்திரம் இலங்கைக்கு அநீதியாகும் என்று நமது பிரதிநிதிகள் வாதாடினார்கள். அதற்கெனத் தனி முறையொன்று மாநாட்டின் இறுதி ஆவணத்தோடு இணைப்பாகச் சேர்க்கப்பட்டது. 2009இல் இலங்கை தனது கோரிக்கையை ஐ.நா. ஆணைக்குழுவிடம் சமர்ப்பித்தபோது அந்த இணைப்பையே நம்பியிருந்தது. ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. 1638இல் சில சொற்களால் இழந்த அதே கிழக்குக் கரை, இம்முறை சில சொற்களால் உரிமை கோரும் வாய்ப்பைப் பெற்றது.

சொற்கள் தெளிவில்லாதபோது என்ன ஆகும் என்பதற்குக் கச்சதீவு உதாரணம். 1974 உடன்படிக்கை தீவை இலங்கையின் பக்கம் வைத்தது. இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்பு போலவே தீவுக்கு வந்து போகலாம் என்றும் கூறியது. அந்த வந்து போதலில் மீன்பிடியும் அடங்குமா? 1976இல் பரிமாறிய கடிதங்கள் ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்கின்றன. ஆனாலும் விவாதம் இன்று வரை ஓயவில்லை. அதன் சுமையைத் தாங்குவது தலைநகரங்களில் இருப்பவர்கள் அல்ல. வலை அறுந்த வடபகுதி மீனவரும், சிறைக்குப் போகும் இராமேஸ்வரத்து மீனவருமே.

பதினேழு வயது

இனிச் சொல்லப் போவது நாட்டைப் பற்றியது மட்டுமல்ல, நம்மைப் பற்றியது.

மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கை இந்தக் கரையில் அறியாதவர் இல்லை. பிறப்புச் சான்றிதழின்படி அவர் பிறந்தது 1988இல். கடவுச்சீட்டில் இருந்த ஆண்டு 1982. அந்த ஆறு வருட வித்தியாசத்தோடு 2005இல் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதி அரேபியா சென்றார். போன சில வாரங்களில் அவரது பராமரிப்பில் இருந்த கைக்குழந்தை இறந்தது. அப்போது அவருக்கு வயது 17. இதை எழுதும் எனது வயதும் அதுதான். 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9ஆம் திகதி அது நிறைவேற்றப்பட்டது. அல்லாஹ் அவருக்கும் அந்தக் குழந்தைக்கும் சுவனத்தை அருள்வானாக.

தண்டனையைப் பற்றிய மார்க்க விவாதம் உலமாக்களுக்கும் சட்ட அறிஞர்களுக்கும் உரியது. நான் கேட்பது அதற்கு முந்திய கேள்விகளை. கடவுச்சீட்டில் வயது மாறியபோது அதை வாசித்தவர் யார்? வாக்குமூலம் எடுக்கப்பட்டபோது அவருக்குச் சட்டத்தரணி இருக்கவில்லை, தகுதியான தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இருக்கவில்லை என்று மனித உரிமை அமைப்புகள் எடுத்துக்காட்டின. 1963ஆம் ஆண்டின் கொன்சியுலர் உறவுகள் பற்றிய வியன்னா சமவாயத்தின்படி, வெளிநாட்டில் கைது செய்யப்படுபவருக்குத் தன் நாட்டுத் தூதரகத்தோடு தொடர்புகொள்ளும் உரிமை உண்டு. அப்படியொரு உரிமை இருப்பதை அந்தப் பதினேழு வயதுப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தது? 18 வயதுக்குட்பட்டபோது செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்கிறது சிறுவர் உரிமைகள் சமவாயம். சவூதி அரேபியா 1996இல் அதில் இணைந்தது, இஸ்லாமிய சட்டத்துக்கு முரணான பிரிவுகளுக்குக் கட்டுப்படாது என்ற ஒதுக்கத்தோடு. கையெழுத்தைப் பார்த்தால் போதாது, அதன் கீழே எழுதப்பட்டிருப்பதையும் பார்க்க வேண்டும் என்று இந்தப் பாடம் சொல்வது இதனால்தான்.

தண்டனைக்குப் பிறகு இலங்கை தனது தூதுவரைத் திருப்பி அழைத்தது. 2014 ஜனவரியில் வீட்டுப் பணியாளர்கள் தொடர்பாக இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒரு பிள்ளை போன பிறகுதான் அந்தத் தாள் எழுதப்பட்டது.

எங்கள் தெருவில் ஒரு சாச்சி சென்ற வருடம் குவைத்துக்குப் போனார். போவதற்கு முதல் வேலை ஒப்பந்தத்தை என்னிடம் கொண்டு வந்து காட்டினார். ஒரு பக்கம் அரபு, மறுபக்கம் ஆங்கிலம். தமிழில் ஒரு வரியும் இல்லை. கையெழுத்து ஏற்கெனவே போட்டாகிவிட்டது. அகராதியை வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல வாசித்துச் சொன்னேன். கிழமைக்கு ஒரு ஓய்வு நாள் என்று அதில் எழுதியிருந்தது. "இத ஒருத்தரும் செல்லல்லியே மகள்" என்றார். 1638க்கும் அந்தத் தாளுக்கும் இடையில் கிட்டத்தட்ட நானூறு வருடங்கள். கையெழுத்துப் போடுபவருக்குத் தெரியாத மொழியில் வாசகம் இருப்பது மட்டும் மாறவில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

வாப்பாமாரும் உம்மாமாரும் கேட்கும் கேள்விகள் நியாயமானவை. இதைப் படித்து என்ன தொழில் கிடைக்கும்? பெண் பிள்ளைக்கு இது தேவையா?

முதலாவதற்கு நேர்மையாகவே பதில் சொல்கிறேன். வெளிநாட்டுச் சேவைக்குப் பட்டதாரிகளிடையே போட்டிப் பரீட்சை உண்டு. அதில் தெரிவாகுபவர்கள் மிகச் சிலரே. எல்லோரும் தூதுவராகலாம் என்று சொல்வது பொய். ஆனால் இந்தப் பாடம் படித்தவருக்குச் சட்டம், ஊடகம், ஆசிரியத் தொழில், மொழிபெயர்ப்பு, வெளிநாட்டு வேலைவாய்ப்பு நிர்வாகம், நிவாரண அமைப்புகள் என்று பல வழிகள் உள்ளன. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் தனித்துறையாகவே இருக்கிறது. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கலாம்.

இரண்டாவது கேள்விக்கு, மரியாதையோடு ஒரு எதிர்க் கேள்வி. வறுமை வந்தால் நமது ஊர்ப் பெண்களை மொழி தெரியாத நாட்டுக்கு, தெரியாத வீட்டுக்கு அனுப்பி வைக்கிறோம். அதைத் தூரம் என்று சமூகம் தடுக்கவில்லை. அவர்களைப் பாதுகாக்கும் சட்டங்களைப் படிக்க ஒரு பிள்ளை ஆசைப்பட்டால் மட்டும் அது எப்படித் தூரமாகிறது? இலங்கையின் முதலாவது தொழில்சார் பெண் இராஜதந்திரி மானெல் அபேசேகர வெளிநாட்டுச் சேவையில் சேர்ந்தது 1958இல். 1977 முதல் 1989 வரை இந்நாட்டின் வெளிநாட்டமைச்சராக இருந்தவர் ஏ.சீ.எஸ். ஹமீத். பெண்ணுக்கும் முடியும், முஸ்லிமுக்கும் முடியும் என்பது எப்போதோ நிரூபிக்கப்பட்டு விட்டது. இரண்டும் சேர்ந்த ஒருவருக்கு முடியாது என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

எங்கிருந்து தொடங்குவது?

என்னைப் போன்ற ஆரம்ப நிலை மாணவிகளுக்கு நான்கு யோசனைகள் சொல்வேன்.

ஒன்று, ஒரு உலக வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, இலங்கையை நடுவில் வைத்துப் பாருங்கள். நமக்குக் கிழக்கே வங்காள விரிகுடா. அதற்கு அப்பால் அந்தமான், பின்னர் மலாக்கா நீரிணை. நமது தெற்குக் கரைக்கு அருகால்தான் உலகின் முக்கியமான கப்பல் பாதையொன்று போகிறது. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் சீனக் கம்பனியொன்றுக்கு 99 வருடக் குத்தகைக்குப் போனது ஏன் பேசுபொருளானது என்பது அந்த வரைபடத்தைப் பார்த்தால் விளங்கும்.

இரண்டு, ஒரு உடன்படிக்கையையாவது முழுமையாக வாசியுங்கள். ஐக்கிய நாடுகள் பட்டயத்தின் முதலிரண்டு உறுப்புரைகளில் தொடங்கலாம். ஒவ்வொரு தாளிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: கையெழுத்திட்டவர் யார்? எந்தெந்த மொழிகளில் எழுதப்பட்டது, பிணக்கு வந்தால் எந்த மொழிப் பிரதி செல்லும்? இதனால் பாதிக்கப்படப் போகிறவர்களில் யார் அந்த மேசையில் இருக்கவில்லை? இரண்டாவது கேள்வியை உலகமே இன்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. உடன்படிக்கைகள் பற்றிய 1969ஆம் ஆண்டு வியன்னாச் சமவாயத்தில், பல மொழிப் பிரதிகளுக்குச் சம மதிப்பு உண்டு என்றும், அவை வேறுபட்டால் என்ன செய்வது என்றும் தனி உறுப்புரையே இருக்கிறது. இராஜசிங்கனுக்குக் கிடைக்காத பாதுகாப்பு அது.

மூன்று, ஒரே செய்தியை இரண்டு நாட்டு ஊடகங்களில் வாசியுங்கள். ஒருவர் தாக்குதல் என்பதை மற்றவர் பதிலடி என்பார். அந்த இரண்டு சொற்களுக்கு இடையில் ஒரு அரசியலே இருக்கிறது.

நான்கு, மொழி. தமிழ் நமது தாய்மொழி. ஆங்கிலமும் சிங்களமும் பாடசாலையில் படிக்கிறோம். அரபு சிறு வயதிலிருந்தே நமது நாவில் இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் ஓதுவதற்கு மட்டும். 1973இலிருந்து அது ஐ.நா.வின் உத்தியோகபூர்வ மொழிகளில் ஒன்று. ஓதத் தெரிந்த மொழியை விளங்கவும் கற்றுக்கொண்டால், இந்த நான்கு மொழிகளும் சேரும் பிள்ளைகள் இந்நாட்டில் வேறெங்கும் எளிதில் கிடைக்க மாட்டார்கள். நமது ஊர்களின் செல்வம் அது. நாம் இன்னும் எண்ணிப் பார்க்காத செல்வம்.

இறுதியாக ஒரு பிரேரணை. நமது கல்லூரியில் தமிழ் மன்றம் இருக்கிறது, ஆங்கில மன்றம் இருக்கிறது. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையாவது உயர்தர மாணவிகள் கூடி, வெளிநாட்டுக்குப் போகவிருக்கும் நமது ஊர்த் தாய்மாரின் ஒப்பந்தங்களை அவர்களுக்குத் தமிழில் வாசித்து விளக்கும் ஒரு மேசையை ஆசிரியைகளின் வழிகாட்டலில் தொடங்கலாம். அதற்கு ஒரு வகுப்பறையும், இரண்டு அகராதிகளும், பொறுமையும் போதும். அலகைப் பரீட்சைக்கு முதல் முடிக்க வேண்டும்தான். கையெழுத்துப் போடுவதற்கு முதல் வாசிக்க வேண்டியவர்கள் அதை விட அவசரத்தில் இருக்கிறார்கள்.